வெறும் தண்ணீரில் குளித்தவர்கள்

பக்கத்து வீட்டு அக்காவின் கையிலிருந்து சென்ட் பாட்டிலைப் பிடுங்கினாள் மகள். கொஞ்சம் தாமதம்தான். அம்மாவின் கழுத்திலும் காதோரத்திலும் அந்த அக்கா அதற்குள் நன்றாக அடித்துவிட்டிருந்தாள். படுக்கையறை முழுக்க ரோஜா வாசனை, அதுவும் கடையில் புட்டியில் விற்கிற ரோஜா.

“யாரைக் கேட்டு அடிச்சீங்க?”

“என்னம்மா இப்படிக் கோவப்படறே. நாலு பேர் வந்து போற இடம். நல்லா இருக்கட்டுமேன்னுதான்.”

“எங்கம்மாவுக்கு இதெல்லாம் ஆகாதுக்கா.”

“இனிமே ஆகறது என்ன, ஆகாதது என்ன?”

அந்த அக்கா மெதுவாகத்தான் கேட்டாள். கெட்டவள் இல்லை. விடிகாலையில் அப்பா போய்க் கதவைத் தட்டியதும் ஓடி வந்து, நாற்காலியில் சாய்ந்தபடியே உயிர் போயிருந்த அம்மாவைத் தூக்கிப் படுக்க வைத்தவள் அவள்தான். அதனால் மகள் மேலே பேசாமல் பாட்டிலைக் கொண்டுபோய்ச் சமையலறைக் குப்பைக்கூடையில் போட்டாள். போட்ட வேகத்தில் கூடை கவிழ்ந்தது. அதை நிமிர்த்த மனம் வரவில்லை.

ஹாலில் அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தண்ணீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரோடும் சண்டைக்குப் போகாத மனுஷன் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரைப் பாதிக்குமேல் அம்மாவின் செலவில்தான் சம்பாதித்தார் என்பது மகளின் கட்சி.

“பாப்பா, கோவப்படாம கேளு. டாக்டர் பேசினாரு.”

“எந்த டாக்டர்?”

“தெரியாத மாதிரி கேக்காதே.”

தெரியும். இந்த வீட்டில் அவருக்கு அத்தர் என்று பெயர். அம்மா வைத்தது. ஆள் வருவதற்கு ஒரு மாடி முன்பே வாசனை வந்துவிடும் என்பதால் வைத்த பெயர். ஊரில் குழந்தையில்லாதவர்களுக்கு அவர் தெய்வம். அவருடைய ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பிரம்மாண்டமான புகைப்படம் தொங்குகிறது: இந்த ஊரின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு அத்தர் சிரிக்கிறார். படத்தின் வலது ஓரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு முழங்கை மட்டும் தெரியும். அது அம்மா. அதைக்கூட வெட்ட மறந்துதான் விட்டிருப்பார்கள்.

“சாயங்காலம் வண்டி வந்ததும் நேரா மயானத்துக்குப் போக வேண்டாமாம்,” என்றார் அப்பா. “முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரச் சொல்றாரு. வாசல் ஹால்ல கொஞ்ச நேரம் வைப்பாங்களாம். டி.வி.காரங்கல்லாம் வருவாங்களாம். புது லேபுக்கு உங்கம்மா பேரை வைக்கப் போறாங்களாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

அப்பா போனைப் பார்த்தார். “சரின்னு சொல்லிட்டேன்.”

“எதுக்குப்பா சொன்னீங்க?”

“அவளுக்கு அந்த இடம்தான்மா உயிர். கடைசியா ஒரு தடவை அங்க போயிட்டுப் போகட்டுமே. இப்பவாவது மரியாதை பண்றாங்களே.”

“உயிரோட இருந்தப்ப உள்ள விட்டாங்களா? ரெண்டு வருஷமா அந்தத் தெரு வழியா பஸ்ல போனாக்கூட ஆஸ்பத்திரியைப் பார்க்காம மறுபக்கம் திரும்பி உக்காந்துக்குவாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

“பழசையெல்லாம் இன்னிக்கு எதுக்குக் கிளறிக்கிட்டு.”

“இன்னிக்குக் கிளறாம எப்ப கிளறறது? அம்மாவை எடுத்துட்டுப் போனப்புறமா?”

அப்பா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேச்சை அப்படி முடிப்பதில் அவர் கைதேர்ந்தவர்.

மகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயந்து நடுங்குகிறவர்களையும் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறவர்களையும் பக்கத்தில் உட்கார்ந்து சமாளித்துத்தான் அவளுக்கு நாளெல்லாம் பிழைப்பு. அங்கே வராத கோபம் இந்த ஹாலில் கால் வைத்ததும் வந்துவிடும். வீட்டை விட்டுத் தனியாகப் போனதே அதனால்தான்.

கோபம் அத்தர் மேல் மட்டும் என்று சொன்னால் அது பொய். அம்மா மேலும் இருந்தது. மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்கு வாசனைச் சோப்பு வாங்குவார்கள். இந்த வீட்டில் வெள்ளைச் சோப்பு, மணமே கிடையாது, நுரையும் கிடையாது. பவுடர் கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது. சுவருக்குப் பெயிண்ட் அடித்து எத்தனையோ காலமாகிவிட்டது. தோழி வீட்டில் ஒருநாள் சென்ட் அடித்துக்கொண்டு வந்ததற்கு அம்மா திட்டவில்லை, அடிக்கவில்லை. அன்றைக்கு அவளைத் தொடவில்லை, அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைத்துத் தள்ளிவிட்டாள். “நாளைக்குக் காலையில பெட்டியைத் திறக்கணும் கண்ணு” என்று மட்டும் சொன்னாள்.

பெட்டி என்றால் கரு வளர்க்கிற இன்குபேட்டர். ஆஸ்பத்திரியில் அம்மாவின் வேலை அதுதான். வெளியே எடுத்த முட்டையையும் விந்தையும் தட்டில் சேர்த்து, அது ரெண்டாகி, நாலாகி, எட்டாகிறவரை அந்தப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றி, தாயின் வயிற்றில் வைக்கக் கொடுப்பது. கருவுக்கு மூக்கு கிடையாது, ஆனால் வாசனை அதைக் கொன்றுவிடும் என்பாள் அம்மா. சென்ட், பெயிண்ட், பூ, ஷாம்பூ, எதிலிருந்து கிளம்புகிற ஆவியாக இருந்தாலும் பெட்டிக்குள் போய்க் கரு மிதக்கிற தண்ணீரில் கலந்துவிடும். கலந்தால் நாலு எட்டாகாது. அப்படியே நின்றுவிடும்.

ஆரம்பத்தில் தனி லேபே கிடையாது. பழைய துணிகள் போட்டு வைக்கும் அறையைக் கழுவிவிட்டு அதில்தான் தொடங்கினார்கள். ஆபரேஷன் அறை ஒரு கோடியில், இந்த அறை மறு கோடியில். நடுவில் முட்டை குளிர்ந்துவிடக் கூடாதென்று குழாயைத் துணியில் சுற்றித் தன் வயிற்றோடு கட்டிக்கொண்டு அம்மா வராந்தாவில் ஓடுவாளாம். அப்போது அதே வயிற்றுக்குள் மகளும் இருந்தாள். நான் பிறக்கும் முன்பே பக்கத்து சீட்டில் ஆள் ஏறிவிட்டது என்று அவள் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்குத்தான் சொல்வதாக அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

முதல் சம்பளம் வந்த அன்றே மகள் போய் வாங்கியது ஒரு சென்ட் பாட்டில். இருப்பதிலேயே தூக்கலானது எது என்று கேட்டு வாங்கினாள். அன்றிலிருந்து அது இல்லாமல் வெளியே போனதில்லை.

மதியத்துக்கு முன்பே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மின்தூக்கி வேலை செய்யவில்லை, எல்லோரும் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். பாதிப் பேரை மகளுக்குத் தெரியாது. ஜோடிகளாக வந்தார்கள், வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தன் அவளைவிட உயரம். “இவன்தாங்க. அம்மா கையால வந்தவன்” என்று அவன் அம்மா சொன்னதும் அவனுக்குக் காது சிவந்தது. எல்லோரும் வெறுங்கையோடு வந்து, படுக்கையறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்று, ஓசையில்லாமல் வெளியே வந்து ஹாலில் சுவரோரமாக நின்றுகொண்டார்கள்.

“என்ன ஜனங்களோ,” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா, சமையலறையில். “பிள்ளை வரம் வாங்கிட்டுப் போனவங்க. ஒருத்தர் கையில ஒரு முழம் பூவாவது இருக்கா பாரு.”

மகளுக்கும் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஜனங்களுக்காகத்தானே என் தட்டைத் தள்ளிவிட்டாள் என்று மனசுக்குள் பொருமினாள். தலைகூட வாரிக்கொள்ளாமல் வந்திருக்கிறார்கள். ஒருத்தி முகத்திலும் பொட்டுப் பவுடர் இல்லை. வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்க வந்தவர்களா என்ன.

ஜன்னலோரம் நின்றிருந்த ஒரு பெண் தண்ணீர் கேட்டு வந்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது. தையல்காரி என்று அவளே சொன்னாள். ஈரம் காயாத முடியைப் பின்னால் அள்ளி முடிந்திருந்தாள். மகள் தம்ளரை நீட்டியபோது அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்துதான் வாங்கினாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. வெறுங்கையோட வந்துட்டோம்னு இருக்கும். பூ வாங்கிட்டுத்தான் கிளம்பினேன். பாதி வழியில ஞாபகம் வந்து பஸ் ஸ்டாப்பிலேயே வச்சிட்டு வந்தேன்.”

“ஏன்?”

“அவங்ககிட்ட வர்ற அன்னிக்குப் பூ கூடாது, பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, சோப்புப் போட்டுக்கூடக் குளிக்கக் கூடாது. வெறும் தண்ணியில குளிச்சிட்டு வாங்கம்பாங்க. எங்க எல்லாருக்கும் சொல்லியிருக்காங்க. இன்னிக்கும் அப்படியே குளிச்சிட்டுதான் வந்தேன்.”

மகள் ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தாள். ஈரத் தலைகள். காய்ந்த, எண்ணெய் காணாத தலைகள். துடைத்துவிட்ட முகங்கள். அவர்கள் யாரும் ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொண்டு வந்தவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் அவரவராக நினைத்துக்கொண்டு குளித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

“உங்களுக்கு என்ன குழந்தை?” என்று கேட்டாள், வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல்.

“இல்லைங்க. எனக்குக் கிடைக்கல.” தையல்காரி தண்ணீரைக் குடித்து முடித்தாள். “விழா நடந்துச்சில்ல, அந்த வாரம் என்னோடது பெட்டிக்குள்ள இருந்துச்சு.”

அந்த விழா. மகளுக்கு அது ஒவ்வொரு வரியாகத் தெரியும், அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே தொட்டிக்குள் பார்த்துச் சொன்ன கதை. அம்மாவுக்குப் பாராட்டு விழா எடுக்கிறேன் என்று அத்தர் கிளம்பினார். லேபுக்கு வெளியே வராந்தா முழுக்கப் புதுப் பெயிண்ட் அடித்தார். தரைக்குப் பசை போட்டு விரிப்பு ஒட்டினார். உள்ளே பெட்டி நிறைய இருக்கிறது, இந்த வாரம் வேண்டாம் என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். விருந்தாளிகளுக்குத் தேதி சொல்லியாகிவிட்டது என்றார். அன்றைக்குக் கூட்டத்தை அழைத்துக்கொண்டு லேபு வாசலுக்கே வந்துவிட்டார். எல்லோர் மேலும் வாசனை, எல்லோர் கையிலும் பூங்கொத்து. ரெண்டே நிமிஷம், ஒரு போட்டோ என்றார். ஆயுசு முழுக்க அந்த வாசலில் யாரையும் கழுவாமல் உள்ளே விடாதவள், அன்றைக்குக் கையில் ஒரு பெரிய பூங்கொத்தைத் திணித்துவிட்டதால் எதைப் பிடித்துக்கொள்வது, யாரைத் தடுப்பது என்று தெரியாமல் ஒதுங்கி வழி விட்டாள்.

மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது எல்லாக் கருவும் வளராமல் நின்றுபோயிருந்தது. ஒன்று பாக்கியில்லை.

உங்கள் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று அத்தர் ஒவ்வொரு ஜோடியாக அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்தவர்களை அம்மா வராந்தாவில் நிறுத்தி, உங்கள் மேல் தப்பில்லை, எங்கள் தப்பு, பெயிண்ட்டும் சென்ட்டும் உள்ளே போய்விட்டது என்று சொன்னாள். அந்த வாரமே அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, கண் மங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சாகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பினார்கள். கை நடுங்குகிறவள் அதன் பிறகும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டுதான் இருந்தாள். வயசாகிவிட்டது விடு, அவரும் பெரிய மனுஷன், அவர் பக்கமும் ஏதாவது இருக்கும் என்றார் அப்பா. அதற்குப் பிறகு அம்மா அப்பாவிடம் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

படிக்கட்டில் பேச்சுக்குரல் கேட்டது. குரலுக்கு முன்பே வாசனை வந்துவிட்டது.

அத்தர் வந்தார். பின்னால் ஒருவன் ஆள் உயர மலர்வளையத்தைச் சுமந்துகொண்டு வந்தான், இன்னொருவன் காமிராவோடு. வயதாகியும் இளைக்காத உடம்பு, பளபளக்கும் காலணி. அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“ஈடு செய்ய முடியாத இழப்பு சார். என் வலது கையே போன மாதிரி இருக்கு.”

அப்பா தலையை ஆட்டினார். மகளுக்குப் புகைப்படத்தின் ஓரத்து முழங்கை ஞாபகம் வந்தது.

அத்தர் ஹாலைச் சுற்றிப் பார்த்து முகம் மலர்ந்தார். “பாருங்க, எல்லாம் நம்ம குடும்பம்.” பக்கத்தில் நின்ற தையல்காரியின் தோளைத் தட்டினார். “எப்படிம்மா இருக்கே? குட்டி என்ன படிக்குது?”

காமிராக்காரன் காமிராவைத் தூக்கினான்.

“குட்டி இல்லைங்க டாக்டர்,” என்றாள் தையல்காரி. குரலை உயர்த்தவில்லை. “என் உடம்பு ஒத்துழைக்கலன்னு நீங்க சொன்னீங்க. எங்க வீட்டுக்காரரும் மாமியாரும் அதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. அந்தம்மா எங்க வீடு தேடி வந்து அவங்ககிட்ட சொன்னாங்க. இவ மேல குறையில்ல, நாங்கதான் கெடுத்துட்டோம்னு. அதனாலதான் நான் இன்னிக்கும் அந்த வீட்டுல இருக்கேன்.”

காமிராக்காரன் மெதுவாகக் காமிராவை இறக்கினான்.

“அது வந்தும்மா, மருத்துவ ரீதியா பல காரணம் இருக்கும்,” என்றார் அத்தர். “ஒண்ணை மட்டும் காரணம்னு சொல்லிட முடியாது.” பிறகு, இதைப் பேச இது நேரமில்லை என்பது போல, படுக்கையறைப் பக்கம் திரும்பினார்.

மகள் போய்ப் படுக்கையறை வாசலில் நின்றாள். கதவை இழுத்துச் சாத்திவிட்டு அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

“வழி விடும்மா. பார்த்துட்டு ஏற்பாட்டைக் கவனிக்கணும்.”

“கழுவிட்டு வாங்க.”

“என்ன?”

“கோட்டைக் கழட்டிட்டு, கை, கழுத்து, முகமெல்லாம் கழுவிட்டு வாங்க. தொட்டி அந்தப் பக்கம். சோப்பு அங்கேயே இருக்கு. பூ வெளியில இருக்கட்டும். இல்லன்னா இந்த வாசலைத் தாண்ட முடியாது.”

அத்தர் சிரிக்கப் பார்த்தார். “உள்ள என்னம்மா, இன்குபேட்டரா இருக்கு?”

“எங்கம்மா இருக்காங்க.”

“சார், நீங்க கொஞ்சம் சொல்லுங்க,” என்று அப்பாவிடம் திரும்பினார். “பொண்ணு துக்கத்துல இருக்கு, புரியுது. ஆனா அங்க எல்லாம் ரெடி பண்ணியாச்சு. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் காத்துக்கிட்டிருக்காங்க.”

அப்பா தையல்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் யாரையும் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

“இவங்க வீட்டுக்குப் போனேன்னு அவ எங்கிட்ட சொல்லவே இல்ல,” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “டாக்டர், பாப்பா சொல்ற மாதிரி செஞ்சிடுங்க. ஆஸ்பத்திரிக்கு வேண்டாம். வண்டி நேரா போயிடும்.”

“நீங்கதானே சார் சரின்னீங்க?”

“ஆமா. சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.”

ஒருவரையும் எதிர்த்துப் பேசிப் பழகாத மனுஷன், பேசி முடித்ததும் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

அத்தர் தொட்டிப் பக்கம் பார்த்தார், வாசல் பக்கம் பார்த்தார். கோட்டுப் பொத்தான் வரை கை போனது. போனது திரும்பி வந்துவிட்டது. மலர்வளையக்காரனிடம் தலையசைத்தார். அவன் அந்தப் பெரிய வளையத்தைப் படிக்கட்டில் திருப்ப முடியாமல் திண்டாடிக்கொண்டிருக்கும்போது, அத்தர் மகளிடம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“என்னைச் சொல்றியே, உன் மேலயும்தான் தூக்கலா அடிக்குது. காலையில இருந்து நீ அந்த ரூமுக்குள்ளதானே இருக்கே?”

அவர் இறங்கிப் போன பிறகும் வாசனை ஹாலில் நின்றது. தையல்காரி ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். யாரோ மின்விசிறியை வேகமாக வைத்தார்கள்.

மகள் தன் மணிக்கட்டை மூக்கருகே கொண்டு போனாள். ஒன்றும் தெரியவில்லை. தினமும் பழகிய மூக்குக்கு எப்படித் தெரியும். சொன்ன ஆள்தான் கேடுகெட்டவன், சொன்னது சரியாகத்தான் இருந்தது. காலையில் அப்பா போன் பண்ணியதும் அழுதுகொண்டே உடை மாற்றி, அழுதுகொண்டே சாவியைத் தேடி, கதவைப் பூட்டும் முன் வழக்கம்போலக் கழுத்தில் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறாள். அந்தக் கழுத்தோடுதான் அம்மாவின் மேல் விழுந்து அழுதாள். தையல்காரி ஏன் ஒரு அடி நகர்ந்து தம்ளரை வாங்கினாள் என்று இப்போது புரிந்தது.

கைப்பையைத் திறந்து பாட்டிலை எடுத்தாள். சமையலறைக்குப் போய், கவிழ்ந்து கிடந்த கூடையை நிமிர்த்தி, ரோஜா பாட்டிலோடு அதையும் உள்ளே வைத்து, கூடையைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்தாள்.

தொட்டியில் வெள்ளைச் சோப்பு தேய்ந்து பிறை போலக் கிடந்தது. குழாயைத் திறந்தாள். முதலில் கழுத்து, காதுக்குப் பின்னால், முகம். பிறகு கை. சின்ன வயதில் ஸ்டூல் போட்டு ஏற்றி நிறுத்தி அம்மா சொல்லிக்கொடுத்தது போல: உள்ளங்கை, புறங்கை, விரலுக்கு நடுவில், நகத்துக்கு அடியில், கட்டைவிரலைத் தனியாகப் பிடித்துச் சுழற்றி, மணிக்கட்டு, முழங்கை வரை. அலசிவிட்டு மறுபடி முதலிலிருந்து. நுரையே வரவில்லை. அப்பா எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அவள் நகர்ந்து இடம் விட்டதும், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரும் சோப்பை எடுத்தார்.

“கட்டைவிரலை விட்டுட்டீங்கப்பா.”

அவர் கட்டைவிரலைத் தேய்த்தார்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் சுத்தமான துணியும் கொண்டுவந்து வைத்தாள். அம்மாவின் கழுத்தைத் துடைக்கத்தான் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கிண்ணத்தை அப்பா எடுத்துக்கொண்டார். மகள் கைகளைத் துடைத்துக்கொள்ளவில்லை. மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டியது. சுவரோரம் நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள்.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் கைப்பிடியைத் தொடவில்லை. முழங்கையால் அதை அழுத்தித் திறந்துகொண்டு உள்ளே போனாள்.